பிஎஸ்2, கேம்கியூப் ஓட்ட நடுத்தர விலையில் ஒரு ஹேண்ட்ஹெல்ட்: தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

"இதுல பிஎஸ்2 ஓடுமா?" ஹேண்ட்ஹெல்ட், அதாவது கையில் வைத்து ஆடும் கேம் கருவி, வாங்க நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஓடும் என்று விற்பவர் சொல்வார். அது பொய்யும் இல்லை. பிஎஸ்2-க்கு, அதாவது பிளேஸ்டேஷன் 2 கன்சோலுக்கு, வந்த கேம்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் இலகுவானவற்றைச் சுமாரான சிப்கூட இழுத்துவிடும். ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட கேம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், அந்த "ஓடும்" உங்களுக்கு உதவாது. எந்த கேம், எவ்வளவு தெளிவான படத்தில், எத்தனை நேரம் தொடர்ந்து என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

நடுத்தர விலை என்று இங்கே நான் சொல்வது, வரி சேர்க்காமல் ஏறத்தாழ 150 முதல் 330 டாலர் வரை. கேம்பாய், சூப்பர் நின்டெண்டோ, முதல் பிளேஸ்டேஷன் மட்டும் போதும் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம், அதற்கு இதில் கால்பங்கு விலையிலேயே கருவிகள் கிடைக்கின்றன. பிஎஸ்3 வேண்டும் என்றால் ஸ்டீம் டெக் மாதிரியான பிசி ரகக் கருவிகளின் பக்கம் போக வேண்டும், அது வேறு கதை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவை ஆண்ட்ராய்டு கருவிகள். அவற்றைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி.

படி 1: கேம் பட்டியலை எழுதுங்கள்

கருவியின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். உண்மையில் உட்கார்ந்து ஆடி முடிக்கப்போகும் ஐந்தாறு கேம்களை எழுதுங்கள். அவற்றில் எது மிகக் கடினமானதோ, அதுதான் உங்கள் சிப்பைத் தீர்மானிக்கும்.

எது கடினம் என்பது கன்சோலின் வயதைப் பார்த்தால் தெரியாது. 2000-ல் வந்த பிஎஸ்2-வின் எமோஷன் எஞ்சின் வெறும் 294 மெகாஹெர்ட்ஸ்தான். 2001-ல் நின்டெண்டோ வெளியிட்ட கேம்கியூபின் பிராசசர் 485 மெகாஹெர்ட்ஸ். காகிதத்தில் கேம்கியூப்தான் கனம். எமுலேட்டரில், அதாவது பழைய கன்சோலைப் போல நடித்து அதன் கேமை ஓட்டும் செயலியில், தலைகீழ்: பெரும்பாலான சிப்களில் கேம்கியூப் சுலபமாக ஓடுகிறது, பிஎஸ்2 தடுமாறுகிறது. பிஎஸ்2-வுக்குள் பிரதான பிராசசரோடு இரண்டு வெக்டர் யூனிட்டுகள் தனித்தனியாகக் கணக்குப் போடும். கிராஃபிக்ஸ் சிப்புக்குள் 4 எம்பி மட்டுமே நினைவகம், ஆனால் அதற்குள் அபாரமான வேகத்தில் தரவு ஓடும். கேம் எழுதியவர்கள் இவற்றை ஒன்றோடொன்று நூலிழை பிசகாமல் கோத்து வித்தை காட்டினார்கள். எமுலேட்டர் அந்தக் கோர்வையை அப்படியே காப்பாற்றியாக வேண்டும். வேலையைச் சிப்பின் பல கோர்களுக்கு (தனித்தனிக் கணக்குப் பிரிவுகளுக்கு) பிரித்துக்கொடுக்கவும் பெரிதாக வழியில்லை. அதனால்தான் எட்டு கோர் இருக்கிறதா என்பதைவிட, ஒற்றைக் கோர் எவ்வளவு வேகம் என்பது இங்கே முக்கியம்.

கேம்கியூப் பக்கம் இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. டால்பின் எமுலேட்டர் 2003-ல் வெளியாகி, 2008-ல் திறந்தமூலமாகி, இன்றுவரை மெருகேறிக்கொண்டே இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கும் அதிகாரபூர்வப் பதிப்பு உண்டு. பிஎஸ்2-வின் நிலை அப்படியில்லை. ஆண்ட்ராய்டில் அதை முதன்முதலில் ஒழுங்காக ஓட்டிக்காட்டிய ஈதர்எஸ்எக்ஸ்2-வை, மிரட்டல்களால் வெறுத்துப்போய் 2023 ஜனவரியில் அதை எழுதியவர் நிறுத்திவிட்டார். இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் நெதர்எஸ்எக்ஸ்2 அந்தப் பழைய செயலியின் மேல் போட்ட திருத்த ஒட்டுகள்தான். ஏஆர்எம்எஸ்எக்ஸ்2 என்ற புதிய முயற்சி நடக்கிறது. ஆனாலும் "மென்பொருள் பிறகு சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையில் பிஎஸ்2-வுக்குச் சிப்பைக் குறைத்து வாங்காதீர்கள்.

உங்கள் பட்டியலில் ஷேடோ ஆஃப் த கொலோசஸ், காட் ஆஃப் வார் 2, கிரான் டூரிஸ்மோ 4 மாதிரியான பெயர்கள் இருந்தால் மேல்தட்டுச் சிப் தேவை. (கொலோசஸ் அசல் பிஎஸ்2-விலேயே திக்கித் திணறிய கேம், அதையும் நினைவில் வையுங்கள்.) கேம்கியூபில் ரோக் ஸ்குவாட்ரன் வரிசையும் எஃப்-ஜீரோ ஜிஎக்ஸும் கனமானவை. பிஎஸ்பி, டிரீம்காஸ்ட், சாட்டர்ன், நின்டெண்டோ டிஎஸ் ஆகியவற்றுக்கு இந்த விலையில் வரும் எந்தச் சிப்பும் தாராளம்.

நின்டெண்டோ ஸ்விட்ச் பற்றி என் கருத்து: அதை நம்பி ஹேண்ட்ஹெல்ட் வாங்காதீர்கள். யூசு எமுலேட்டரை நடத்தியவர்கள் 2024 மார்ச்சில் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையை மூடினார்கள். அதோடு நின்டெண்டோவின் இரட்டைத் திரைக் கருவியான 3டிஎஸ்-க்கான சிட்ராவும் போனது. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு ஸ்விட்ச் எமுலேட்டரான ரியூஜின்க்ஸும் நின்றது. 3டிஎஸ்-க்கு 2025-ல் அஸஹார் வந்து இடத்தை நிரப்பிவிட்டது. ஸ்விட்சுக்கு வருவதும் போவதுமாகக் கிளைப்பதிப்புகள் இருக்கின்றன. ஓடினால் லாபம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கையில் இருக்கும் போனில் சோதியுங்கள்

இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். டால்பினும் நெதர்எஸ்எக்ஸ்2-வும் போனிலும் ஓடும். உங்கள் போனில் எந்தச் சிப் என்று பாருங்கள். ஒன்பிளஸ் 9ஆர், மி 11எக்ஸ் இரண்டிலும் ஸ்னாப்டிராகன் 870 இருந்தது. அது நடுத்தர ஹேண்ட்ஹெல்டுகளில் இப்போது வரும் 865-ன் சற்று வேகமான தம்பி. போக்கோ எஃப்5-ல் இருந்த ஸ்னாப்டிராகன் 7 பிளஸ் ஜென் 2 அதைவிடவும் மேல். இப்படியொரு போன் வீட்டில் இருந்தால், இரு பக்கமும் இழுத்துப் போனைக் கவ்விக்கொள்ளும் யுஎஸ்பி-சி கன்ட்ரோலர் ஒன்று போதும். மிச்சப் பணம் உங்களுடையது.

அப்புறம் எதற்கு ஹேண்ட்ஹெல்ட்? விசிறி இருக்கிறது, பேட்டரி தனி, ஆட்டத்தின் நடுவில் அழைப்பு வராது, எடுத்த உடனே ஆடலாம். இவை எனக்குப் பெரிய காரணங்கள். உங்களுக்கு இல்லை என்றால் இந்த இடத்திலேயே நின்றுவிடலாம்.

படி 3: சிப்பும் டிரைவரும்

சந்தையில் கிடைக்கும் நடுத்தரக் கருவிகளை நான்கு படிக்கட்டுகளாகப் பார்க்கலாம்.

கீழ்ப்படி, யூனிசாக் டி820. ஆன்பெர்னிக் நிறுவனத்தின் ஆர்ஜி556, ஆர்ஜி406வி, ஆர்ஜி கியூப் எல்லாம் இதில்தான். பிஎஸ்பி, டிரீம்காஸ்ட் அழகாக ஓடும். கேம்கியூப் பெரும்பாலும் அசல் தெளிவில் ஓடும். பிஎஸ்2-வில் இலகுவானவை மட்டும். "கடினமான" எமுலேஷன் வேண்டும் என்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

அடுத்த படி, மீடியாடெக் டைமென்சிட்டி 1100. 2024 தொடக்கத்தில் ரெட்ராய்ட் பாக்கெட் 4 புரோவில் வந்தது. பிராசசர் பலம் நன்றாகவே இருக்கும், ஏ78 கோர்கள் நான்கு. பிஎஸ்2-வில் கணிசமானவை ஓடும்.

அதற்கு அடுத்தது ஸ்னாப்டிராகன் 865. ரெட்ராய்ட் பாக்கெட் 5-ல் இருப்பது இது. 2019 கடைசியில் அறிவிக்கப்பட்ட பழைய சிப்தான். பெஞ்ச்மார்க் எண்களை மட்டும் பார்த்தால் டைமென்சிட்டி 1100-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் எமுலேட்டரில் தெரியும். காரணம் கிராஃபிக்ஸ் டிரைவர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போவோம். ஆண்ட்ராய்டில் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) டிரைவர், அதாவது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள், கருவியோடு வந்தது வந்ததுதான். அதில் பிழை இருந்தால் தயாரிப்பாளர் புதுப்பிப்பு அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும், பல நேரம் அது வரவே வராது. ஸ்னாப்டிராகனில் இருக்கும் அட்ரீனோ ஜிபியுவுக்கு மட்டும் ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது. மேசா என்ற கிராஃபிக்ஸ் மென்பொருள் திட்டத்தில், டர்னிப் என்ற திறந்தமூல வல்கன் (கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் ஒரு முறை) டிரைவரை எழுதி வருகிறார்கள். டால்பின் மாதிரியான எமுலேட்டர்களின் அமைப்புக்குள்ளேயே அந்த டிரைவர் கோப்பை ஏற்றிக்கொள்ளலாம், ரூட் செய்யத் தேவையில்லை. ஒரு கேமில் நிழல் உடைந்து தெரிந்தால் டிரைவரை மாற்றிப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்பலாம். மீடியாடெக், யூனிசாக் சிப்களில் இருக்கும் மாலி ஜிபியுவுக்கு இந்த வசதி இல்லை. எமுலேட்டர் எழுதுபவர்களும் தலையில் அடித்துக்கொள்வது பெரும்பாலும் மாலி டிரைவரை வைத்துத்தான். ஒரே விலையில் இரண்டு கருவி, ஒன்றில் அட்ரீனோ, ஒன்றில் மாலி என்றால் நான் யோசிக்காமல் அட்ரீனோவை எடுப்பேன், மாலியின் பெஞ்ச்மார்க் எண் கொஞ்சம் கூடவே இருந்தாலும். ஆர்ஜி477எம்-ல் உள்ள டைமென்சிட்டி 8300 மாதிரி பிராசசர் பலம் தூக்கலாக இருந்தால் மட்டும் அந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே முரட்டு வேகமே பல குறைகளை மறைத்துவிடும்.

மேல்படி, ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2. 2023 கடைசியில் அயின் நிறுவனத்தின் ஓடின் 2-வில் வந்து மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. பிறகு அதே சிப் ஓடின் 2 மினி, ஓடின் 2 போர்ட்டல், ரெட்ராய்ட் பாக்கெட் 6 என்று பரவிவிட்டது. பிஎஸ்2-விலும் கேம்கியூபிலும் கிட்டத்தட்ட எல்லாமே ஓடும், அசலைவிட மும்மடங்கு தெளிவில்கூட. கொலோசஸும் காட் ஆஃப் வாரும் உங்கள் பட்டியலில் இருந்தால் சுற்றிச் சுற்றி யோசிக்காமல் இங்கேயே வந்துவிடுங்கள். அவை இல்லை என்றால் 865 போதும்.

ரேம் விஷயத்தில் ஏமாறாதீர்கள். பிஎஸ்2-வுக்கும் கேம்கியூபுக்கும் 8 ஜிபி தாராளம். 12, 16 ஜிபி பதிப்புக்குக் கேட்கும் கூடுதல் விலையால் பயனடைவது ஸ்விட்ச் கேம்கள்தான்.

படி 4: திரையின் வடிவம்

அங்குலத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இதில் சறுக்குகிறார்கள். பிஎஸ்2, கேம்கியூப், டிரீம்காஸ்ட் கேம்களில் பெரும்பாலானவை 4:3 வடிவம். கருவிகளில் பெரும்பாலானவை 16:9. ரெட்ராய்ட் பாக்கெட் 5-ன் 5.5 அங்குலத் திரையில் 4:3 படத்தைப் போட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் ஏறத்தாழ 4.5 அங்குலமாகச் சுருங்கும். ஆர்ஜி477எம்-ன் திரை 4.7 அங்குலம், ஆனால் வடிவமே 4:3. அதாவது "சின்ன" திரையில்தான் பிஎஸ்2 படம் பெரிதாகத் தெரியும். பிஎஸ்பிக்கும் பெரும்பாலான வீ (நின்டெண்டோ Wii) கேம்களுக்கும் 16:9-தான் பொருத்தம். இரண்டையும் சமமாக ஆடுவீர்கள் என்றால் ஓடின் 2 போர்ட்டலின் 7 அங்குலத் திரை ஒரு வழி. அதில் 4:3 படமே 5.7 அங்குலம் வரும். ஆனால் அது சட்டைப்பையில் போடும் சாமான் இல்லை.

தெளிவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கேம்கியூபை டால்பின் 640×528 என்ற அளவில் உருவாக்குகிறது. அதை இரண்டு மடங்காக்கினால் 1280×1056. 1080 கோடுகள் உள்ள திரைக்கு இதுவே கிட்டத்தட்ட நிறைவு. பிஎஸ்2-வின் 640×448-க்கும் இரண்டு மடங்கு போதும். ஐந்தங்குலத் திரையில் மும்மடங்கையும் நான்கு மடங்கையும் வித்தியாசம் காண்பது சிரமம், ஜிபியு மட்டும் சூடாகும். பிஎஸ்பியின் 480×272 மட்டும் விதிவிலக்கு. நான்கு மடங்காக்கினால் 1920×1088, 1080 கோட்டுத் திரையோடு கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தும்.

3டிஎஸ் உங்கள் முதல் ஆசை என்றால் இரண்டு திரை உள்ள அயின் தோர் மாதிரியான கருவியைப் பாருங்கள். ஒற்றைத் திரையில் இரண்டு படங்களை அடுக்கி ஆடலாம்தான். சில கேம்களில் அது எரிச்சல்.

படி 5: கையும் பட்டனும்

ஸ்டிக் ஹால் எஃபெக்ட் வகையா என்று பாருங்கள். காந்தத்தால் இயங்குவதால் தேய்மானத்தில் தானாக நகரும் தொல்லை மிகக் குறைவு.

தோள் பட்டனில் அனலாக் இருக்கிறதா என்பது கேம்கியூபுக்கு முக்கியம். சூப்பர் மாரியோ சன்ஷைனில் பாதி அழுத்தினால் நடந்துகொண்டே தண்ணீர் அடிக்கலாம், முழுதாக அழுத்தினால் நின்று குறிபார்க்கலாம். வெறும் கிளிக் பட்டனில் அந்த வித்தியாசம் போய்விடும். பிஎஸ்2-வில் முகப்புப் பட்டன்களே அழுத்தத்தை உணரும். மெட்டல் கியர் சாலிட் 2-ல் துப்பாக்கியைச் சுடாமல் இறக்க பட்டனை மெதுவாக விட வேண்டும். இப்போதைய ஹேண்ட்ஹெல்டுகளில் அப்படிப்பட்ட பட்டன்கள் கிடையாது, எமுலேட்டரில் வேறு பட்டனுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். வீ கேம்களில் ரிமோட்டை நீட்டிக் குறிபார்ப்பவை எதிலுமே சரிப்படாது. கிளாசிக் கன்ட்ரோலர் ஏற்பவை நன்றாக இருக்கும்.

படி 6: சூடு, பேட்டரி

விமர்சன வீடியோக்களில் ஒரு கேமை இரண்டு நிமிடம் ஓட்டிக்காட்டி நகர்ந்துவிடுகிறார்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகும் அதே வேகம் நிற்கிறதா என்று காட்டும் வீடியோவைத் தேடிப் பாருங்கள். விசிறி இல்லாத கருவியைக் கனமான கேமுக்கு வாங்க வேண்டாம்.

பேட்டரிக்கு எளிய கணக்கு: 5000 எம்ஏஹெச் என்பது ஏறத்தாழ 19 வாட்-மணி. கனமான கேம் 7 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். ஓடின் 2-வில் இருக்கும் 8000 எம்ஏஹெச் என்றால் 31 வாட்-மணி. ரயிலில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

படி 7: சேமிப்பிடமும் கேம் கோப்புகளும்

ஒரு பிஎஸ்2 டிவிடி பெரும்பாலும் 4.7 ஜிபி வரை (இரட்டை அடுக்கு டிஸ்க் என்றால் 8.5 ஜிபி வரை), கேம்கியூப் டிஸ்க் சுமார் 1.4 ஜிபி. பிஎஸ்2-வைச் சிஹெச்டி வடிவத்துக்கும், கேம்கியூபையும் வீயையும் டால்பினின் ஆர்விஇஸட் வடிவத்துக்கும் மாற்றினால் ஒரு பிட்கூட இழக்காமல் அளவு குறையும். 256 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு தாராளம். போலி கார்டுகள் மலிந்து கிடப்பதால், வாங்கியதும் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.

கேம்களை உங்கள் சொந்த டிஸ்கிலிருந்து எடுப்பதுதான் நேர்வழி. பிஎஸ்2 டிஸ்கைக் கணினியின் சாதாரண டிவிடி டிரைவே படிக்கும். கேம்கியூப் டிஸ்குக்கு ஒரு பழைய வீ வேண்டும். பிஎஸ்2-வுக்கு பயாஸ் கோப்பும் (கன்சோலைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) தேவை, அதை உங்கள் கன்சோலிலிருந்தே எடுக்கலாம். கார்டில் பத்தாயிரம் கேம் போட்டுத் தருகிறோம் என்ற விளம்பரங்களை நான் தொடுவதில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்க, அந்தக் கார்டுகளே பெரும்பாலும் மட்டமான சரக்கு.

இந்தியாவில் விற்ற பிஎஸ்2 டிஸ்குகள் பால் (PAL என்ற டிவி முறை) ரகம். பழைய கிரிக்கெட் 07 டிஸ்க் பரணில் கிடந்தால் அதுவும் அப்படித்தான் இருக்கும். பால் கேம் நொடிக்கு 50 படம், அமெரிக்கப் பதிப்பு 60. வலு குறைந்த சிப்பில் இது ஒரு வசதி, வேலை குறைவதால் தடுமாறும் கேம்கூட நிலையாக ஓடலாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் அசைவு லேசாகக் குதித்துத் தெரியும், அவ்வளவுதான்.

படி 8: வாங்குவது

இவற்றில் பெரும்பாலானவை சீனாவிலிருந்து நேராக வருபவை. இந்தியாவுக்கு வரவழைத்தால் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்து அதன் மேல் சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் விழும். கூரியர் நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்க்கும், அடையாள ஆவணமும் கேட்கும். விகிதங்கள் மாறுவதால் ஆர்டர் போடும் முன் கூரியர் நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள். விலையைக் குறைத்து எழுதி அனுப்பச் சொல்லி விற்பவரைக் கேட்காதீர்கள். பிடிபட்டால் பார்சலும் போகும், அபராதமும் வரும். உள்ளூர் மறுவிற்பனையாளர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும், வரி எல்லாம் சேர்த்த விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் வித்தியாசம் சின்னதாகத்தான் இருக்கும், பழுதானால் சீனாவுக்குத் திருப்பி அனுப்பும் தலைவலியும் இல்லை.

எமுலேட்டர் செயலிகளின் பெயரில் போலித் தளங்கள் நிறைய. திட்டத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

படி 9: வந்ததும் செய்ய வேண்டியவை

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். ஸ்டிக்கின் மையம், எல்லாப் பட்டன்கள், திரையில் இறந்த புள்ளி, சார்ஜிங் போர்ட், இவற்றைத் திருப்பி அனுப்பும் அவகாசத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

டால்பினில் வல்கனைத் தேர்ந்தெடுத்து, தெளிவை ஒரு மடங்கில் வைத்துத் தொடங்குங்கள். முழு வேகம் நிலையாக வந்தால் இரண்டு மடங்குக்கு ஏற்றுங்கள். புதிய காட்சி வரும்போதெல்லாம் ஒரு கணம் உறைகிறது என்றால் அது ஷேடர் தொகுப்பு, அதாவது படம் வரையும் சிறு நிரல்களை அப்போதுதான் தயாரிப்பது. ஹைபிரிட் உபர்ஷேடர் அமைப்பைப் போட்டுப் பாருங்கள். 8 ஜென் 2-வில் அது தாங்கும். கீழ்ப்படிச் சிப்களில் அதுவே சுமையாகிவிடும், அங்கே சாதாரண அமைப்பே மேல்.

நெதர்எஸ்எக்ஸ்2-வில் வேகக் குறிப்பைத் திரையில் காட்டும் வசதியை முதலில் போடுங்கள். இஇ (எமோஷன் எஞ்சின்), ஜிஎஸ் (கிராஃபிக்ஸ் சிப்), வியு (வெக்டர் யூனிட்) என்று தனித்தனிச் சதவீதங்கள் தெரியும். கேம் மெதுவாகும்போது இஇ நூறை முட்டினால் பிராசசர் திணறுகிறது என்று பொருள், தெளிவைக் குறைத்துப் பயனில்லை. இஇ சைக்கிள் ரேட்டை ஒரு படி இறக்கிப் பாருங்கள், வியுவைத் தனி நூலில் (வேறொரு கோரில்) ஓட்டும் அமைப்பு இயங்குகிறதா என்றும் பாருங்கள். ஜிஎஸ் முட்டினால் தெளிவைக் குறையுங்கள், அல்லது வல்கனுக்கும் ஓபன்ஜிஎல்லுக்கும் மாறிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ ஒரு காட்சியில் மட்டும் படம் சிதைகிறது என்றால், அந்த இடத்துக்கு மட்டும் சாஃப்ட்வேர் ரெண்டரருக்கு மாறி, தாண்டியதும் திரும்பிவிடலாம்.

இந்த அமைப்புகளை எல்லா கேமுக்கும் பொதுவாகப் போட்டுவிடாதீர்கள். ஒரு கேமைக் காப்பாற்றும் மாற்றம் இன்னொன்றைக் கெடுக்கும். கேமின் பெயரை நீண்ட நேரம் அழுத்தினால் அதற்கென்று தனி அமைப்பு திறக்கும், மாற்றங்களை அங்கே வையுங்கள்.

மெமரி கார்டு சேமிப்புக் கோப்புகளை வாரம் ஒருமுறை வேறெங்காவது நகலெடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்திலும் உறையவைக்கும் சேவ் ஸ்டேட்டை மட்டும் நம்ப வேண்டாம். எமுலேட்டரின் பதிப்பு மாறினால் அது திறக்காமல் போகலாம், கேமுக்குள்ளேயே செய்த சேவ் திறக்கும்.